எரிகிற பஞ்சும் எரியாத பஞ்சும்

கடலில் இருந்து வந்த எதையும் ஜெரோம் சார் வெறுங்கையால் தொட்டுச் சாந்தி பார்த்ததில்லை. முழங்கை வரைக்கும் நீல உறை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு இடுக்கியோடு மணலில் குந்துவார். நண்டு வலையில் சிக்கி வந்த பஞ்சை அந்த இடுக்கியால் தூக்கி, முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு சாராய வாடை அடிக்கிற கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு மூடி, யார் வாயிலும் நுழையாத ஒரு பெயரை எழுதி ஒட்டுவார். சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் பேராசிரியர். கடல் பஞ்சுகளை வகை பிரித்துப் பெயர் வைப்பதுதான் அவருக்கு வேலையாம். அதற்கு மாசச் சம்பளமும் உண்டு என்று தெரிந்த அன்றைக்கு முத்தாலங்குப்பத்துப் பெண்கள் சிரித்து ஓய வெகு நேரம் ஆனது.

முத்தாலங்குப்பம் தோணிரேவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டு. ஆம்பளைகள் கடலில் நண்டு வலை விடுவார்கள். வலை கரைக்கு வந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கொடுக்கு உடையாமல் நண்டைக் கழற்றுவார்கள். கடலுக்கு அடியில் கிடக்கிற கல்பாரில் வலை உரசினால் நண்டோடு பஞ்சும் ஏறி வரும். காசுக்கு ஆகாத சனியன். பிய்த்து வீசிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போக வேண்டியதுதான்.

"இது செடி இல்லம்மா, மிருகம்" என்றார் ஜெரோம் சார் ஒருநாள்.

"கண்ணு எங்க கீது சார் இதுக்கு?" என்று கேட்டாள் வேலம்மா. அவள் குப்பத்துத் தலைவர் பெரியசாமியின் பெண்டாட்டி.

"கண்ணு கிடையாது. வாய் கிடையாது. வயிறுகூடக் கிடையாது."

"அப்ப எங்க வூட்டுக்காரர விட நல்ல ஜாதிதான்" என்றாள் வேலம்மா. வலை கழற்றிய பெண்கள் அத்தனை பேரும் மடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலம்மா புருஷனை இப்படி வாரு வாரென்று வாருவாளே தவிர, அவர் பெயரை வாயால் சொல்லமாட்டாள். முப்பது வருஷமாகச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, "நீ சொல்லுடி" என்று பக்கத்தில் நிற்பவளை இடிப்பாள். குப்பத்தில் அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான்.

பெண்களுக்கும் பஞ்சில் வகை தெரியும். சட்டி மாதிரி இருப்பது சட்டிப் பஞ்சு, விரல் விரலாக நீள்வது விரல் பஞ்சு, குடலைப் புரட்டுவது நாத்தப் பஞ்சு. செங்கல் நிறத்தில் மொத்தையாக வருவது மட்டும் இரண்டு ஜாதி. தெற்குப் பாரில் இருந்து வருவது ஈரச் சாக்கு மாதிரி நாறும், கையை ஒன்றும் செய்யாது. வடக்குப் பாரில் இருந்து வருவது துருப்பிடித்த இரும்பு மாதிரி நாறும். தொட்டால் எரியும், வீங்கும், தோல் உரியும். அதைக் கத்தி முனையால் தள்ளிவிடுவார்கள். எரியறது, எரியாதது. அதற்கு மேல் பெயர் வைக்க அவர்களுக்கு நேரமில்லை.

ஜெரோம் சார் இரண்டையும் ஒரே புட்டியில் போட்டு ஒரே பெயரை ஒட்டியிருந்தார்.

இதில் சாந்திக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவள் புருஷன் மோகன்குமார் அந்தப் புட்டியைப் பார்க்காமல் இருந்திருந்தால். மோகன்குமாருக்குப் படித்தவர்கள் மேல் அப்படி ஒரு பக்தி. சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தால் போதும், எழுந்து நிற்பான். "ரெண்டும் ஒண்ணுதான் மோகன், சாதுவான இனம், பயப்படாதீங்க" என்று சார் சொன்னதும் அப்படியே நம்பிவிட்டான். பிறந்ததில் இருந்து கத்தியால் தள்ளிய பஞ்சை, மார்கழிக் கடைசியில் வடக்குப் பாரில் வலை இழுத்தபோது, சாருக்கு முழுசாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று வலதுகையால் அடியோடு பிடித்துப் பிய்த்தான்.

படகு கரை தொடுவதற்குள் கை மரவள்ளிக்கிழங்கு கணக்காக வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். தை பிறந்து வாடைக்காற்று அடங்கி, வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. துடுப்பைப் பிடிக்க முடியாது, கயிறு இழுக்க முடியாது. நண்டுக் குழம்பு ஊற்றினால் சோற்றைப் பிசைய முடியாது. இடதுகையால் கரண்டி பிடித்து, பாதியை மடியில் சிந்திச் சாப்பிட்டான். ஆத்திரம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்று சாந்தி அவன் தட்டில் நண்டை உடைத்து உடைத்துப் போட்டாள்.

"அறிவு கீதாய்யா உனுக்கு? எரியறதுன்னு தெரியாதா?"

"தெரியும். ஆனா சாரு சொன்னாருல்ல."

"சாரு சொன்னா கொள்ளிக்கட்டையப் புடிப்பியா?"

"அவரு படிச்சவரு சாந்தி."

"நீ அவரு புட்டியிலயே போய் குந்திக்க. பேரு எழுதி ஒட்டுவாரு" என்றாள் சாந்தி.

கை மட்டும் போயிருந்தால் அவள் இவ்வளவு கொதித்திருக்கமாட்டாள். பாடு போகப் பார்த்தது. ஏரி முகத்தில் சுத்து வலை போட்டு இறால் பிடிக்க, குப்பத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. முறை வந்த நாளில் அந்த வீட்டு ஆள் தண்ணீரில் இறங்கவேண்டும். தொடர்ந்து இரண்டு முறை இறங்காவிட்டால் அந்த வருஷத்துக்கு வீட்டின் பெயரையே அடித்துவிடுவார்கள். கடலிலோ ஏரியிலோ காயம் பட்டவனுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவனுக்காக வேறு ஆள் இறங்கி, பிடித்ததை அவன் வீட்டில் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெளிவேலைக்குப் போய்க் காயம் பட்டு வந்தவனுக்கு அது கிடையாது.

மோகன்குமார் ஒரு முறை விட்டாகிவிட்டது. அடுத்த முறை தை அமாவாசைத் தண்ணீருக்கு. வருஷத்திலேயே இறால் அதிகம் ஏறுகிற தண்ணீர் அது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கூரை எல்லாம் அந்த இறாலை நம்பித்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்துத் தலைவர் பெரியசாமி ஒரு கதையைக் கட்டிவிட்டார். மோகன்குமார் மீஞ்சூர்ப் பக்கம் ஏதோ கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போனானாம், ஆசிட்டில் கையை விட்டுக்கொண்டானாம், பழியைப் பஞ்சின் மேல் போடுகிறானாம். அவன் கார்த்திகை மழையில் நான்கு நாள் மீஞ்சூருக்கு மண் சுமக்கப் போனது உண்மைதான். கை வீங்கியதற்கும் அதற்கும் ஒரு மாசம் இடைவெளி. பெரியசாமிக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அவருடைய தம்பி மகன் மாரி போன வருஷம் கல்யாணம் முடித்துத் தனி வீடாகி, பாடு கேட்டுக் காத்துக்கொண்டிருந்தான். ஒரு பெயரை அடித்தால்தானே இன்னொரு பெயரை எழுதமுடியும்.

பஞ்சாயத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜெரோம் சார் வந்தார். சாந்தி அவருக்காக இரண்டு பஞ்சை எடுத்து வைத்திருந்தாள். ஒன்று புருஷன் கையைத் தின்றது, வலையில் மிச்சம் இருந்ததைக் கத்தியால் கழற்றியது. இன்னொன்று தெற்குப் பாரில் வந்தது. கெட்டுப்போகாமல் வை என்று அவர் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கடலில் வந்தது கெடாமல் இருக்க என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். கல்லுப்பில் புரட்டி, காரப்பொடி மீன் கருவாட்டோடு நான்கு நாள் வெயிலில் காயவைத்து, இரண்டையும் தனித்தனி ஓலைப் பெட்டியில் போட்டு மூடியிருந்தாள்.

பெட்டியைத் திறந்ததும் சாரின் முகம் சுருங்கியது.

"உப்பு போட்டுட்டீங்களேம்மா! போச்சு. நிறம் போச்சு, உருவம் போச்சு. சாம்பிளே வீண்."

"உங்க சாராயத்துல மட்டும் நெறம் நிக்குதா சார்? செவப்பா போட்டதெல்லாம் வெள்ளையாயி ஒரே நாத்தம் நாறுது. எது எதுன்னு நீங்களே சொல்லமாட்டீங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சாந்தி சுற்றி வளைக்காமல் கேட்டாள். இந்தப் பஞ்சு தொட்டால் கை வீங்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். பஞ்சாயத்தில் காட்டவேண்டும்.

"எப்படிம்மா எழுத முடியும்? இந்த இனம் அரிக்கும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ரொம்ப சாது."

"பொஸ்தவம் எழுதனவன் கையால தொட்டானா, உங்கள மாதிரி ஒறை போட்டுக்கினு தொட்டானா?"

"நாங்க தொட்டுப் பார்த்துப் பிரிக்கறதில்லம்மா. பஞ்சுக்குள்ள கண்ணாடி மாதிரி பொடிப்பொடியா முள் இருக்கும். மைக்ராஸ்கோப்புல அந்த முள்ளைப் பார்த்துதான் பிரிப்போம். உப்பு போட்டு இதைக் கெடுத்துட்டீங்க."

சாந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கருவாட்டுல முள்ளு எங்க சார் போவும்? சதைதான் சுருங்கும். முள்ளு முள்ளாத்தான் கீது. மூணு வருஷத்துக் கருவாடு தின்னாலும் தொண்டையில குத்துது."

சார் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். உறை போட்ட விரலால் பெட்டியின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுத்து முள்ளையும் பாத்தீங்களா?" என்றாள் சாந்தி.

"தெற்குப் பார்ல வந்ததைப் பார்த்தேன். மத்தது... நிறம், வடிவம் ஒண்ணா இருந்ததால அதே புட்டியில..."

"பாக்கல."

"இனிமே பார்க்கறேன். ஆனா ரிப்போர்ட் வர மூணு மாசம் ஆகும்."

சாந்திக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அருவருப்பு வந்தது. மோகன்குமார் இந்த மனுஷனுக்காகவா கையைக் கொடுத்தான் என்று நினைத்தாள். சந்தையில் மாடு பார்க்கிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்வான். இவர் ஒன்றின் முள்ளைப் பார்த்துவிட்டு இரண்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார். பெட்டிகளை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள்.

பஞ்சாயத்து முத்தாலம்மன் கோவில் கொட்டகையில், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடியது. பாடு பேசுகிற கூட்டத்துக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. தலைவர் பெரியசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பாடு முறையை எழுதிவைக்கிற கோதண்டம் மடியில் நோட்டு இருந்தது. குப்பத்திலேயே நியாயம் பேசக்கூடியவர் என்றால் அவர் ஒருத்தர்தான். மற்ற ஆம்பளைகள் மணலில். ஜெரோம் சாரையும் அழைத்துவந்து, விருந்தாளி என்று இன்னொரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார் பெரியசாமி. மோகன்குமார் ஓரமாக, கையை மடியில் வைத்துக்கொண்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன்போல நின்றான்.

"சாரே, நீங்க சொல்லுங்க. நம்ப பஞ்சு கையத் தின்னுமா?" என்றார் பெரியசாமி.

"எங்க பதிவுல இருக்கறவரைக்கும்... அந்த இனம் சாதுதான்" என்றார் சார் மெதுவாக.

"கேட்டுக்கினீங்களா? படிச்சவரு வாயாலயே சொல்லிட்டாரு. பஞ்சு தொட்டு கை போச்சுன்னா அது கடல் காயம். ஆசிட்டுல போனா அது கடல் காயமில்ல. கோதண்டம், பேர அடி."

மோகன்குமார் கோதண்டத்தின் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சார் சொன்னதை எதிர்த்துப் பேச அவனுக்கு அப்போதும் மனசு வரவில்லை போலிருக்கிறது. கொட்டகைக்கு வெளியே தென்னை மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாந்திக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு ஓலைப் பெட்டி, கடல் தண்ணீர் ஊற்றிய இரண்டு அலுமினியக் கிண்ணம், எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு நேராக நடுக்கொட்டகைக்கு வந்து இறக்கினாள்.

"இன்னா மே, பொம்பளைக்கு இங்க இன்னா வேலை?" என்றார் பெரியசாமி.

"பேர அடிக்க அஞ்சு நிமிசம் ஆவும் மாமா. ஒருமணி நேரம் கழிச்சி அடிங்க. எங்கயும் ஓடாது."

உப்புப் படிந்து சுருண்டு கிடந்த பஞ்சுகளைக் கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டாள். தண்ணீரில் ஊறி இரண்டும் மெல்லப் பருத்தன. இரண்டும் ஒரே மாதிரி அழுக்குச் செங்கல் நிறம்.

"சாரு புட்டியில ரெண்டுத்துக்கும் ஒரே பேரு. ஒண்ணு தெக்குப் பாரு, ஒண்ணு வடக்குப் பாரு. ரெண்டும் சாதுன்னா, மாமா நீங்க மொத ஆளா ஒரு கை புடிங்க."

பெரியசாமி கிண்ணத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எனுக்கு இன்னா வேலையில்லையா? கண்ட கசுமாலத்த நான் தொடணுமா?"

"மாரி, நீ? பாடு உனுக்குத்தானே வருது."

மாரி மணலில் கோடு கிழித்தான். சாந்தி ஜெரோம் சார் பக்கம் திரும்பினாள். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. உறையைத் தேடுகிறார் என்று தெரிந்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஒறை போட்டா ஆவாது சார். குந்துங்க."

அவள் மணலில் சம்மணமிட்டாள். வலை கழற்றிக் கழற்றி உள்ளங்கை காய்த்துப்போனது, அதில் தேய்த்தால் தெரியாது. மணிக்கட்டின் உள்பக்கத்திலும் விரல் இடுக்கிலும் தேய்த்தாள். தெற்குப் பார் பஞ்சை வலதுகையில், வடக்குப் பார் பஞ்சை இடதுகையில். மோகன்குமார் "வோணாம் சாந்தி" என்று ஓடிவந்தான். அவள் பார்த்த பார்வையில் பாதி வழியில் நின்றுவிட்டான்.

"சோத்துக்கை வலதுல எரியாததுதான் கீது. நான் உன்ன மாதிரி இல்ல" என்றாள்.

பிறகு இரண்டு கையையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெரியசாமி டீ வரவழைத்தார். யாரோ நண்டு விலையைப் பேச ஆரம்பித்தார்கள். டீ ஆறுவதற்கு முன்னால் சாந்தியின் இடதுகையில் முதல் எரிச்சல் ஏறியது. மிளகாய் அரைத்த கை எரிவதெல்லாம் இதற்குக் கால்தூசு. எலும்புவரைக்கும் இறங்கியது. பல்லைக் கடித்தாள். கத்தினால் இவர்களுக்குச் சந்தோஷம் என்று தெரியும். இருபது நாளாக அந்த மனுஷன் இந்த எரிச்சலோடுதான் பக்கத்தில் படுத்திருந்தான், ஒருநாள்கூட வாய்விட்டு அழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

வெயில் கொட்டகையின் மேற்குக் காலைத் தாண்டியபோது இடது மணிக்கட்டு சிவந்து தடித்து, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. கோதண்டம் எழுந்து வந்து, ஒவ்வொரு வளையலாகக் கல்லால் தட்டி உடைத்து எடுத்தார். விரல்கள் மடங்கவில்லை. மோகன்குமாரின் கையில் இருந்த அதே வீக்கம், அதே நிறம். வலதுகை எப்போதும்போல இருந்தது.

"நான் எந்த ஆசிட்டு கம்பெனிக்குப் போனேன் மாமா?" என்று கேட்டாள் சாந்தி.

பெரியசாமி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். கோவில் மணியைப் பார்த்தார். கோதண்டம் நோட்டை மூடித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கடல் காயந்தான். பேரு அப்பிடியே நிக்கும். அமாவாசைக்கு மோகனுக்குப் பதிலா ஆளு எறங்கணும். மாரி சும்மாதானே குந்திக்கினு கீறான், அவனே எறங்கட்டும்" என்றார் கோதண்டம். தலைவர் சொல்லவேண்டியதைத் தலைவரைக் கேட்காமலே அவர் சொன்னார்.

ஜெரோம் சார் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணெல்லாம் பளபளக்க வந்தார். இரண்டு கையையும் திருப்பித் திருப்பி போட்டோ எடுத்தார்.

"அற்புதம்மா! ரெண்டும் வேற வேறதான். வடக்குப் பார்ல இருக்கறது புது இனமாக்கூட இருக்கலாம்!"

அவள் கை வெந்துகொண்டிருந்தது. இவருக்கு அற்புதம். முந்தாநாள் வீண் என்று சொன்ன பஞ்சை இடுக்கியால் பயபக்தியோடு எடுத்து ஒரு புட்டியில் போட்டார். பேனாவைத் திறந்தார்.

"ஊர்ல வழங்கற பேரையும் குறிச்சுக்கணும். இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க?"

"இன்னிவரைக்கும் பேரில்ல" என்றாள் சாந்தி. எழுந்து புடவையில் ஒட்டிய மணலை வலதுகையால் தட்டினாள். "தொட்டா எரியும். ஒரு மசுருக்கும் ஒதவாது. இருக்கற எடத்த விட்டு நவுராது. வாயி வயிறு இல்லன்னு நீங்க சொன்னீங்க, அது ஒண்ணுதான் ஒதைக்குது. பெரியசாமின்னு எழுதிக்கங்க."

சார் பெரியசாமி என்றே எழுதினார், யாருடைய பெயர் என்று யோசிக்காமல்.

தை அமாவாசைக்கு மாரி இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று வலை சுற்றினான். கூடை கூடையாக இறால் சாந்தி வீட்டு வாசலில் வந்து விழுந்தது. அவளால் ஒரு மாசம் நண்டு கழற்ற முடியவில்லை. துணி சுற்றிய கையோடு பெண்களுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள். எந்தப் புத்தகத்தில் என்ன பெயர் ஏறியதோ, கரையில் அந்தப் பெயர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. "ஏய், பெரியசாமி ஏறிக்கினான் பாரு, கத்தி எட்றி" என்பார்கள். "இந்தக் கண்ணியில ரெண்டு பெரியசாமி." தலைவர் அந்தப் பக்கம் நடந்து போவதை விட்டுவிட்டார்.

கஷ்டம் வேலம்மாவுக்குத்தான். அவள் வலையிலும் வடக்குப் பார் பஞ்சு வராமலா இருக்கும். முதல் நாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தப் பெயரை வாயால் சொல்ல முடியாது, சொல்லாமல் விட்டால் பக்கத்தில் இருப்பவள் கையை வைத்துவிடுவாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வெட்கமாக, அடிக்குரலில் சொன்னாள்.

"சாந்தி, அந்தக் கத்திய எட்து வுடுடி. எங்க வூட்டுக்காரரு மாட்டிக்கினு கீறாரு."